தலைவர் யார், தலைவரம்மா யார்?

“உள்ளாட்சியில் பெண்களின் தலைமையை நாம் உண்மையிலேயே அங்கீகரிக்கிறோமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரப்பர் ஸ்டாம்ப்பும் லெட்டர் பேடும் செய்து கொடுப்பவன் நான். உள்ளாட்சித் தேர்தல் முடிந்தால் எங்கள் தொழிலுக்குத் தீபாவளி. என் கடை மேசையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

2020 ஜனவரி 6 அன்று எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றார்கள். மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களுக்கான இட ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் பாதியாக உயர்த்தியிருந்தது. அதன்பின் நடந்த முதல் ஊரகத் தேர்தல் அது. அந்த வாரம் எனக்கு வந்த ஆர்டர்களில் பாதிக்குமேல் பெண்களின் பெயர்கள். கடையில் வந்து நின்றவர்களோ பெரும்பாலும் ஆண்கள். லெட்டர் பேடில் பெயர் மனைவியுடையது, செல்பேசி எண் கணவருடையது. “பெயர் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நம்பர் பளிச்சென்று தெரிய வேண்டும்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்படியே அடித்துக் கொடுத்தேன். காசு வாங்குகிறவன் நியாயம் பேச முடியுமா?

அந்தக் கூட்டத்தில்தான் ஒரு பெண்மணி வந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள். நான் அவரைப் பார்த்து, “வாங்க தலைவரே, எந்த ஊராட்சி?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “நான் ஆட்டோ ஓட்டுகிறவன், சார். வாடகைக்கு நிற்கிறேன்.”

“தலைவர் நான்தான், அண்ணா” என்றார் அந்த அம்மா. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பொருட்படுத்தவில்லை. தன்னுடைய எண்ணைச் சொன்னார். மாதிரி அச்சை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தார். ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்பதில் நான் விட்டிருந்த ‘த்’ அவர் கண்ணில்தான் பட்டது. ‘க/பெ’ என்று வழக்கப்படி நான் சேர்த்திருந்த கணவர் பெயரை விரலால் மறைத்துக் காட்டி, “ஓட்டுச்சீட்டில் இது இல்லையே?” என்றார். எடுத்துவிட்டேன்.

தமிழில் ‘தலைவர்’ என்ற சொல்லுக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் நடப்பதைக் கவனியுங்கள்: வென்றவர் ‘தலைவரம்மா’ ஆகிவிடுவார், அவர் கணவர் ‘தலைவர்’ ஆகிவிடுவார். டீக்கடையில், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அப்படித்தான். பதவியை யாரும் வாங்கித் தரவில்லை; அந்தச் சொல் மட்டும் தானாக வீட்டுக்காரர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மார்ச் 8 அன்று பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யலாம், செலவும் இல்லை.

சொல் கிடைத்தவர்களுக்கும் நாற்காலி கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. 2020 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. அந்தப் படத்துக்குப் பிறகு ‘ஒதுக்கீடு வந்துவிட்டதே, இன்னும் என்ன?’ என்று என்னிடம் யாரும் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

காசோலை விஷயம் இன்னொன்று. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும். துணைத்தலைவர் முறைத்துக்கொண்டால் குழாய் ரிப்பேர்கூட நிற்கும். என் கடைக்கு ஆட்டோவில் வந்த அந்தத் தலைவர் ஒருமுறை இங்க் பேட் வாங்க வந்தபோது, மோட்டார் ரிப்பேருக்கான ஒரு கையெழுத்துக்காகப் பதினொரு நாள் நடந்ததாகச் சொன்னார். தண்ணீர் வராத தெருக்காரர்கள் திட்டியது அவரைத்தான். “திட்டுவதற்கு மட்டும் சரியாக என்னைத்தான் தேடி வருகிறார்கள், அண்ணா” என்றார். அதையும் ஒருவகை அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார்போல.

கடலூர் மாநகராட்சியின் முதல் மேயர் 2022இல் பதவியேற்ற சுந்தரி ராஜா. அது நல்ல தொடக்கம். தென்பெண்ணையைத் தாண்டி, புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் போனால் கதையே வேறு. புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. அங்கிருந்து கடை சீல், சங்க சீல் என்று வருவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சீல் கேட்டு யாரும் வருவதில்லை. ஆணுக்கே இல்லாத நாற்காலியில் பெண்ணை எங்கே உட்கார வைப்பது?

எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த மாதம் அந்த அம்மா தன் மகளிர் குழுவுக்கு ஒரு முத்திரை செய்ய வந்தார். கிளம்பும்போது, “என் பழைய ஸ்டாம்ப் டிசைன் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“அழித்துவிடாதீர்கள், அண்ணா. அடுத்த முறை பெண்களுக்கான ஒதுக்கீடு மாறி எங்கள் ஊர் பொதுவுக்குப் போனாலும் நான் நிற்கப் போகிறேன்.”