ஒரே பந்தயத்தில் ஓடிய காருக்காகக் கோர்டன் மர்ரே ஏன் இன்றும் போற்றப்படுகிறார்?

கோத்தகிரியிலிருந்து இயந்திரப் பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் இக்கேள்வி, பந்தயக் கார் வடிவமைப்பின் அடிப்படையையே தொடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1946-இல் பிறந்த பந்தயக் கார் வடிவமைப்பாளர் மர்ரே, 1969-இல் இங்கிலாந்து சென்று பிரபாம் என்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய அணியில் சேர்ந்தார். அவர் எதிர்கொண்ட சிக்கல், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் நம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் எளிதில் விளங்கும். வளைவில் சறுக்காதபடி காரைத் தரையோடு அழுத்தப் பந்தயக் காரின் இறக்கை தரும் கீழ்நோக்கிய அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுவதால், வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும். ஆகவே மெதுவான வளைவில் இறக்கையால் பெரும்பயன் இல்லை. உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், இங்கே அது இன்னும் வலுவிழக்கும்.

மர்ரே 1978-இல் பிரபாமின் பிடி46பி என்ற காரின் பின்புறம் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, ஓரங்களைத் தடுப்புகளால் அடைத்து, அடியிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றினார். விசிறி இன்ஜினின் சுழற்சியோடு இணைந்திருந்ததால், கார் மெதுவாகச் சென்றபோதும் தரையோடு அழுத்தப்பட்டது. முதன்மையாக இன்ஜினைக் குளிர்விக்கவே விசிறி என்பது அணியின் வாதம். விதிகளை வரிவரியாகப் படித்துச் சிந்தித்த அந்தத் துணிவையே நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்வீடன் பந்தயத்தில் அக்காரை ஓட்டிய நிக்கி லௌடா வென்றபின், பிற அணிகளின் எதிர்ப்புக்கிடையே கார் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அவருடைய பிரபாம் கார்களில் நெல்சன் பிக்கே 1981, 1983 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 2020-இல் மர்ரே அறிமுகப்படுத்திய டி.50 சாலைக் காரின் பின்புறத்திலும் 400 மில்லிமீட்டர் விசிறி ஒன்று உண்டு.