பிராங்க்ளினின் கறுப்புப் புள்ளிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையைப் படித்துவிட்டு, அவரைப் போலவே 13 நற்குணங்களுக்கும் கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு குணம் என்று ஒரு நோட்டு ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் ‘ஒழுங்கு’ வந்ததும் விட்டுப்போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது. உழைத்து முன்னேறியவர்களுக்கெல்லாம் மன உறுதி பிறவியிலேயே இருந்திருக்குமோ? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

பிராங்க்ளினும் தடுக்கி விழுந்த இடம் அதுதான். பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை அதனதன் நேரத்தில் செய்வது, இது மட்டும் தனக்குக் கைகூடவே இல்லை என்று முதுமையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய நோட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு குணம், சிவப்பு மையில் ஏழு கிழமைக்கும் கட்டம், சறுக்கிய அன்று ஒரு கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று முடிந்ததும் பழைய புள்ளிகளைச் சுரண்டிவிட்டு அதே பக்கத்தில் மறுபடி ஆரம்பிப்பார். சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிப்போனது, அப்புறம்தான் ஈரப் பஞ்சால் துடைக்கிற தந்தத் தகடுகளுக்கு மாறினார். வருடத்துக்கு நான்கு சுற்று என்று அவர் கணக்கு வைத்ததே, முதல் சுற்றில் எதுவும் படியாது என்று தெரிந்துதான் என நினைக்கிறேன். நீங்கள் ஒழுங்கை விட்டுவிட்டு நான்காவது வாரத்துக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்த நோட்டைவிட, அவர் அச்சகத்தில் வேலை பழகிய நாட்களைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசை. மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சுகிற பாஸ்டன் குடும்பம், அப்பாவுக்கு 17 பிள்ளைகள், இவர் 15ஆவது. பத்து வயதோடு பள்ளிக்கூடம் நின்றது, அதுவும் கணக்கில் தேறாமல். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகம். தன் சாப்பாட்டுக்கு அண்ணன் கட்டுகிற பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும் என்று கேட்டு வாங்கி, அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் இவருக்கு ஒரு துண்டு ரொட்டி, ஒரு பிடி உலர்திராட்சை, தண்ணீர், மிச்ச நேரம் படிப்பு. பள்ளியில் வராத கணக்கு அப்படித்தான் வந்தது.

எழுதக் கற்றதும் அப்படியே. லண்டன் பத்திரிகையான ஸ்பெக்டேட்டரின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து வாக்கியத்துக்கு வாக்கியம் சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார், சில நாள் கழித்து புத்தகத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிலிருந்தே கட்டுரையை மறுபடி எழுதுவார், பிறகு மூலத்தோடு வைத்துத் தன் தப்பைத் திருத்துவார். சொல் போதவில்லை என்று தெரிந்ததும் கதையைச் செய்யுளாக்கி, மறந்தபிறகு அதைத் திரும்ப உரைநடையாக்கினார். உழைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். எத்தனை மணி நேரம் என்பதை விட, எங்கே தப்பு என்று தானே தேடிப் போனதை.

அந்தப் பழக்கம்தான் அவரை ராஜதந்திரி ஆக்கியது என்பேன். பட்டியலில் முதலில் 12 குணங்களே இருந்தன. உனக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னபிறகு பணிவைச் சேர்த்தார், ‘நிச்சயமாக’, ‘சந்தேகமில்லாமல்’ போன்ற சொற்களைத் தன் பேச்சிலிருந்தே விலக்கினார். 1787இல், 81 வயதில், அமெரிக்க அரசியல் சாசனம் கையெழுத்தாகும் நாளில் அவர் எழுதிக்கொடுத்த உரையைப் படியுங்கள். இதில் சில பகுதிகள் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் என் கருத்து மாறவே மாறாது என்றும் சொல்ல மாட்டேன், வயது ஏற ஏற என் தீர்ப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் கூடுகிறது என்கிறார். இழுபறியில் நின்ற சபையைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்ட பேச்சு அது.

சில புள்ளிகளைப் பார்க்க அவருக்கு ரொம்பக் காலம் பிடித்தது. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார், தன் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரம் போட்டார். கடைசியில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790இல், சாவதற்குச் சில வாரம் முன்பு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனு அனுப்பினார். அந்தத் தாமதத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அவர் தனியாக முன்னேறவில்லை. 1727இல் பிலடெல்பியாவில் ஜுன்டோ என்று ஒரு குழு சேர்த்தார், கண்ணாடி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், நில அளவையர் எல்லாம் அதில் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடி விவாதிப்பார்கள், தான் சொல்வதே சரி என்று அடித்துப் பேசினால் சின்ன அபராதம். 1731இல் ஆரம்பித்த நூலகம் அந்தக் கூட்டத்திலிருந்து வந்ததுதான். உங்கள் கம்பெனியிலேயே படிக்க ஆசையுள்ள இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள்.