தெருச் சீரமைப்பு: வடிவமைப்பு ஒப்பந்தத்தை விரிவாக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: 14 குடியிருப்புத் தெருக்களைச் சீரமைக்க எங்கள் மாநகராட்சி ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலையைக் கொடுத்தது. இப்போது அதே ஒப்பந்தத்தில் இன்னும் 9 தெருக்களைச் சேர்க்கிறார்கள். புதிதாக டெண்டர் விடாமல் இப்படிச் செய்யலாமா?

பதில்: நிபந்தனைகளோடு செய்யலாம். முதலில் மூல ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பின்னால் தெருக்கள் சேர்க்கப்படலாம் என்ற ஷரத்தும், அதற்கான உச்சவரம்பும், கட்டணம் கணக்கிடும் முறையும் அதிலேயே எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் கொள்முதல் விதி எவ்வளவு தூரம் இடம் தருகிறது என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையின் 72-ஆவது பிரிவு, கூடுதல் வேலையை மூல ஒப்பந்த மதிப்பில் 50 சதவீதம் வரை பழைய நிறுவனத்துக்கே கொடுக்க அனுமதிக்கிறது. அதுவும் கூடுதல் வேலை அவசியமாகியிருக்க வேண்டும். ஆளை மாற்றினால் தொழில்நுட்பச் சிக்கலோ செலவோ தடையாக வரும் என்று காட்ட வேண்டும். 14-க்கு 9 என்பது எண்ணிக்கையில் 64 சதவீதம். கணக்கு பார்ப்பது தொகையில்தான் என்றாலும், இந்த அளவு விரிவாக்கத்துக்கு மாநகராட்சி மன்றத்தின் முன் எழுத்துப்பூர்வமான காரணம் இருந்தே ஆக வேண்டும். மூன்று மூன்று தெருவாகப் பிரித்து மூன்று முறை சேர்த்தால், வரம்பைத் தாண்டுவதற்காகவே பிரித்தார்கள் என்று தணிக்கையில் கேள்வி வரும்.

அதைவிட முக்கியம், வேலையின் இயல்பு. பழைய 14 தெருவும் மேல்தாரைச் சுரண்டி மறுபடி போடும் வேலையாக இருந்து, புதிய 9 தெருவுக்கு மழைநீர் வடிகால் தேவைப்படுகிறது என்றால், அது வேறு திறமை கேட்கும் வேறு வேலை. அதற்குத் தனி டெண்டர்தான் சரி.

கேள்வி: விரிவாக்கத்துக்குக் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது? கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று வைப்பது எளிதாக இருக்கிறதே?

பதில்: எளிதுதான், ஆனால் சீரமைப்பு வேலைக்கு அது பொருந்தாது. தெருவை முழுக்கத் தோண்ட வேண்டாம், 40 மி.மீ. சுரண்டிப் போட்டாலே போதும் என்று உழைத்துக் கண்டுபிடிக்கும் பொறியாளருக்கு அந்த முறையில் கட்டணம் குறைகிறது. நல்ல ஆய்வுக்குத் தண்டனை தரும் ஒப்பந்தம் யாருக்கும் உதவாது.

தெருவுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வைத்து, முன்கூட்டியே எண்ண முடியாதவற்றுக்கு மட்டும் அலகு விலை வையுங்கள்: சோதனைக் குழி ஒன்றுக்கு, கோர் (சாலையைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) ஒன்றுக்கு, குழாயைத் திறந்து பார்க்கும் இடம் ஒன்றுக்கு. மொத்தத்துக்கு உச்சவரம்பு கட்டாயம். பேரம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொது விவரக்குறிப்பு, மாதிரி வரைபடங்கள், டெண்டர் ஆவணம் ஆகியவை முதல் 14 தெருவுக்கே தயாராகிவிட்டன. அந்தச் செலவு மறுபடி வரக் கூடாது. சர்வேயும் மண் ஆய்வும் ஒவ்வொரு தெருவுக்கும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்; அங்கே கையை இறுக்காதீர்கள். இரண்டையும் தனித்தனி வரியில் காட்டச் சொன்னால் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: பக்கத்துத் தெருவுக்குப் போட்ட அதே வடிவமைப்பை எங்கள் தெருவுக்கும் போட்டுவிட்டால் என்ன? அகலமும் ஒன்றுதான், வீடுகளும் ஒரே மாதிரிதான்.

பதில்: விரிவாக்கத்தில் நடக்கும் பெரிய தவறே இதுதான். தெருவின் பெயரை மட்டும் மாற்றிய வரைபடம் வருகிறது. அடுத்த மழைக்காலத்திலேயே சாலை உட்காருகிறது.

மேலே ஒரே மாதிரி தெரியும் இரண்டு தெருக்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 80 மி.மீ. தார், அதன் கீழே கெட்டியாகக் கோத்துக்கொண்ட 200 மி.மீ. ஜல்லி, அதற்குக் கீழே கிராவல். மற்றதில் 120 மி.மீ. தார், கீழே வெறும் 100 மி.மீ. ஜல்லி, அந்த ஜல்லி இடுக்குகளிலும் களிமண் ஏறி அப்பியிருக்கும். அடிமண்ணைக் கையில் எடுத்து உருட்டினால் 3 மி.மீ. கயிறாகத் திரிந்தும் உடையாது. அந்த ஈரத்தோடு அந்த மண் பாரம் தாங்காது. முதல் தெருவுக்கு மேல்தாரை மாற்றினால் போதும். இரண்டாவதில் என்ன தார் போட்டாலும் வண்டிச் சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக விரிசல் விடும், ஏனென்றால் வளைவது அடித்தளம்.

ஆகவே விரிவாக்க ஆவணத்தில் தெருவாரியாக இவற்றைக் கேளுங்கள்: 100 மீட்டருக்கு ஒரு கோர், எவ்வளவு சிறிய தெருவானாலும் குறைந்தது 2, விரிசல் மோசமான இடத்தில் ஒரு சோதனைக் குழி, அடிமண்ணுக்கு 4 நாள் நீரில் ஊறவைத்த சி.பி.ஆர். சோதனை (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது). ஊறவைக்காமல் எடுத்த சி.பி.ஆர். எண் காகிதத்தில் அழகாக இருக்கும், மழையில் உதவாது. வசதி இருந்தால் பெங்கல்மேன் பீம் வைத்து, பாரம் ஏறும்போது தெரு எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்றும் அளக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்கிறது. மழை பெய்தால் தண்ணீர் வாசலுக்குள் வருகிறது. இதை வடிவமைப்பிலேயே தடுக்க முடியாதா?

பதில்: அங்கேதான் தடுக்க முடியும். சாலை போடும் நாளில் வந்து சண்டை போட்டால் பயனில்லை.

150 மி.மீ. உயரத்தில் ஓரக்கல் வைத்த தெருவில் 40 மி.மீ. தார் மூன்று முறை மேலே மேலே போட்டால் 120 மி.மீ. போய்விடும். மிச்சம் 30 மி.மீ.; அந்த ஓரக்கல்லால் தண்ணீரைப் பிடித்து நிறுத்த முடியாது. தீர்வு, போடுவதற்கு முன் அதே அளவு சுரண்டி எடுப்பது. இதிலும் ஒரு பொறி உண்டு. இருக்கும் தார் மொத்தமே 50 மி.மீ. என்றால், 40 சுரண்டியதும் மிஞ்சும் 10 மி.மீ. செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அதன்மேல் போட்ட புதுத் தார் ஒட்டாது. சுரண்டும் ஆழத்தை முடிவு செய்வதற்கு முன் கோர் எடுத்துத் தார் தடிமனைப் பார்ப்பது இதற்காகத்தான். அப்படிப்பட்ட இடத்தில் தாரை முழுக்க எடுத்துவிட்டு ஜல்லித் தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சர்வேயில் 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசற்படியின் மட்டமும், ஒவ்வொரு மேன்ஹோல் மூடியின் மட்டமும் அதில் வர வேண்டும். 6 மீட்டர் அகலத் தெருவுக்கு 2.5 சதவீதம் காம்பர் (நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் இறங்கும் சரிவு) கொடுத்தால் நடுவில் 75 மி.மீ. உயர்ந்திருக்கும். ஓரத்து மட்டத்தை மிகத் தாழ்ந்த வாசற்படியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பழைய சாலையின் மேல்மட்டத்திலிருந்து தொடங்கினால் தண்ணீர் மறுபடி வீட்டுக்குத்தான் வரும். நீளவாக்கில் 300-க்கு 1 சரிவாவது இல்லாவிட்டால் ஓரத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கும் நீர் ஓர விரிசல் வழியாக ஜல்லிக்குள் இறங்கும்.

மேன்ஹோல் மூடிகளை எண்ணி, இத்தனை மூடி இவ்வளவு ஏற்ற அல்லது இறக்க வேண்டும் என்று எஸ்டிமேட்டில் தனி இனமாகப் போடாவிட்டால் அந்த வேலை நடக்காது. தெருவெங்கும் பள்ளமாக நிற்கும் மூடிகளுக்கு அந்த விடுபட்ட ஒரு வரிதான் காரணம்.

கேள்வி: எங்கள் தெருவில் கார், பைக் மட்டும்தான் ஓடுகின்றன. ஏன் இவ்வளவு தடிமன் போடுகிறார்கள்?

பதில்: தடிமனைத் தீர்மானிப்பது குப்பை லாரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த விதி: சேதம் ஏறக்குறைய அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. லாரியின் 8 டன் பின்னச்சு, அரை டன் கார் அச்சைவிட 16 மடங்கு. 16 × 16 × 16 × 16 என்று பெருக்கினால் சேதம் சுமார் 65,000 மடங்கு. வாரத்துக்கு எத்தனை முறை குப்பை லாரி, தண்ணீர் லாரி, பள்ளிப் பேருந்து வருகின்றன, வீடு கட்டும் வேலை எத்தனை மனையில் நடக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுச்சாலை போட்ட இரண்டே மாதத்தில் குழாய்க்காகத் தோண்டிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. வடிவமைப்பு பாதி முடிந்த கட்டத்தில் குடிநீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு என எல்லாத் துறையும் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதைக் கட்டணத் தவணையோடு இணைத்துவிடுங்கள். கையெழுத்து வராமல் அடுத்த தவணை கிடையாது. துறைகளின் பழைய பதிவேடு சொல்லும் இடத்தில் குழாய் பெரும்பாலும் இருக்காது. குறுக்கே போகும் முக்கியக் குழாய்களை நிலத்தடி ரேடாரால் தேடி, சந்தேகமான இடத்தில் திறந்தே பார்க்க வேண்டும். பழைய வீட்டு இணைப்புகளை மாற்ற வேண்டியிருந்தால் சாலைக்கு முன்பே மாற்றிவிடுவது மலிவு.

கேள்வி: வரைபடம் தயாராகி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியே டெண்டர் விடலாமா?

பதில்: வேண்டாம். தெருவை மறுபடி நடந்து விரிசலைக் குறித்து, மட்டங்களைச் சில இடங்களில் மட்டும் மாதிரிக்கு அளந்து சரிபாருங்கள். இடையில் யாராவது தோண்டியிருந்தால் அளவுப் பட்டியல் முழுதும் மாறும்.

கேள்வி: வரைபடத்தைக் கொடுத்ததோடு வடிவமைப்பாளர் வேலை முடிந்துவிடுமா?

பதில்: அப்படி எழுதப்பட்ட விரிவாக்கத்தில் கையெழுத்திடாதீர்கள். பழைய தாரை எடுத்து அடித்தளம் கண்ணுக்குத் தெரியும் நாளில் வடிவமைப்பாளர் களத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பாரம் ஏற்றிய லாரியை மெதுவாக ஓட்டிப் பார்த்து, சக்கரத்தின் கீழ் அமுங்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறிப்பார்கள். அந்த இடங்களை எவ்வளவு ஆழம் வெட்டி, எதை நிரப்புவது என்று அன்றே முடிவு சொல்ல வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் ஒப்பந்ததாரர் அதன்மேலேயே ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார். தெருவுக்கு இத்தனை களவருகை என்று எண்ணிக்கையையும் அதற்கான கட்டணத்தையும் தனி வரியாக எழுதுங்கள்.