சிஎஸ்வி கேஷ் திறக்க நேரமாகிறது என்றால்

கேஷை, அதாவது திரும்பத் திரும்பப் படிக்கச் சேமித்து வைக்கும் தரவை, சிஎஸ்விக்குப் பதில் பார்க்கெட் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள், பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸுடன் பார்க்கெட்டை எழுதவும் படிக்கவும் உதவும் பைஆரோ நிறுவியிருந்தால் ஒரு வரி வேலைதான்.

கேஷைத் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது, தேதி வேறு வெறும் எழுத்தாகத் திரும்பி வருகிறது என்கிறீர்கள், இரண்டுக்கும் காரணம் அனேகமாக ஒன்றுதான்: சிஎஸ்வி வெறும் உரை, எந்த நெடுவரிசை என்ன வகை என்பதை அது வைத்துக்கொள்ளாது, அதனால் ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணையும் உரையிலிருந்து மறுபடி பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மாற்றிய பிறகு, தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேட்டுப் படித்து நேரத்தை அளந்து பாருங்கள். பார்க்கெட் நெடுவரிசை வாரியாக அடுக்குவதால் மற்றதைத் தொடாது. படிப்பது வேகமாக முடிந்தும் மொத்த வேலை மெதுவாக இருந்தால் சிக்கல் கோப்பில் இல்லை, அப்புறம் வரும் கணக்கில்.

ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் எழுதும்போதே பிழை வரும். அதற்காகப் பைத்தான் பொருளை அப்படியே கோப்பாகச் சேமிக்கும் பிக்கிளுக்கு ஓடாதீர்கள். பைத்தான் அல்லது பாண்டாஸ் பதிப்பு மாறினால் பழைய பிக்கிள் கோப்பு திறக்காமல் போகலாம், யாரோ அனுப்பிய பிக்கிள் என்றால் அதற்குள் இருக்கும் நிரலும் சேர்ந்தே ஓடும்.