ஆறாம் தலைமுறை ஏன் திரையில் வரவில்லை?

கேள்வி: எங்கள் பங்காளிகளின் வம்சாவளியை ஆங்குலரில் (வலைப்பக்கம் கட்ட உதவும் மென்பொருள்) வலைப்பக்கமாக்குகிறேன். தலைமுறைக்கு ஒரு லூப் (பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராக எழுதும் கட்டளை) என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து எழுதினேன். ஆறாம் தலைமுறை வரமாட்டேன் என்கிறது. ‘ட்ரீ’ (கிளை கிளையாக விரியும் பட்டியல்) செய்து தர ஒருவர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். ஐந்து லூப் எழுதினால் ஐந்து தலைமுறைதான் வரும். ஆழம் எவ்வளவு என்று தெரியாத இடத்தில் லூப்பை அடுக்கிப் பயனில்லை. டெம்ப்ளேட், அதாவது திரையில் எப்படிக் காட்டுவது என்ற அச்சு, ஒன்றே போதும். அது பெயரை எழுதும். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காகத் தன்னையே மறுபடி கூப்பிடும் (இதற்குப் பெயர் ரிகர்ஷன்), இல்லாவிட்டால் நின்றுவிடும். என்ஜி-டெம்ப்ளேட்டுக்கு (ng-template) ஒரு பெயர் வைத்து, அதற்குள்ளேயே என்ஜிடெம்ப்ளேட்அவுட்லெட் (ngTemplateOutlet) மூலம் அதே பெயரை அழையுங்கள். அழைக்கும்போது தரவைக் கொடுக்கும் கான்டெக்ஸ்டில் பிள்ளைகள் பட்டியலை அனுப்புங்கள். அவ்வளவுதான்.

உங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு சிக்கல் கட்டாயம் வரும்: சுவீகாரம். பிள்ளையாகப் போனவரை இரண்டு வீட்டின் ‘பிள்ளைகள்’ பட்டியலிலும் சேர்த்தால், அவருடைய வாரிசுகள் அத்தனை பேரும் இரண்டு முறை வருவார்கள். புள்ளிக் கணக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணுவது) தப்பிவிடும். பிறந்த வீட்டைக் காட்டுகிறேன் என்று அவருக்குக் கீழே பெற்ற தகப்பனையே செருகுவது அதைவிட மோசம். தகப்பனுக்குக் கீழே மகன், மகனுக்குக் கீழே தகப்பன் என்று டெம்ப்ளேட் சுற்றிக்கொண்டே போய் பக்கம் ஹேங் ஆகிவிடும், அல்லது எரர் காட்டி நின்றுவிடும். எந்த வீட்டில் புள்ளியோ அங்கே மட்டும் முழுக் கிளையும் இருக்கட்டும். பிறந்த வீட்டில் பெயர், ‘இன்னாருக்குச் சுவீகாரம்’ என்று ஒரு வரி, சுவீகார வீட்டுக் கிளைக்குப் போக ஒரு லிங்க். லிங்க்குக்குப் பெயரைப் பயன்படுத்தாமல் ஆளுக்கு ஒரு ஐடி கொடுங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஃபார் லூப்பில் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டும் டிராக்கிலும் (track) அதே ஐடிதான்.

இனி அந்தச் சந்தாக்காரர். ஆங்குலருக்கான ஆயத்தப் பாகங்களின் தொகுப்பான ஆங்குலர் மெட்டீரியலில் ட்ரீ இலவசமாகவே கிடைக்கிறது. இவர்கள் பலரும் அதுபோன்ற ஒன்றுக்கு வண்ணம் பூசித்தான் விற்கிறார்கள். தொகைகூடப் பெரிய விஷயமில்லை. டொமைனை (தளத்தின் முகவரியை) தங்கள் பெயரில் பதிந்து, தரவைத் தங்கள் சர்வரில் பூட்டிக்கொள்வார்கள். சந்தா நின்றால் உங்கள் பாட்டனாரை நீங்களே பார்க்க முடியாது. பழைய நோட்டுகளைப் பார்த்து டைப் செய்வதுதான் நிஜமான வேலை, அதை எப்படியும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். பயிற்சி நிலையங்கள் மாதக்கணக்கில் லூப் நடத்திவிட்டு, ரிகர்ஷனை ‘இன்டர்வியூவுக்கு மட்டும்’ என்று ஒதுக்குகிற வரை இந்தச் சந்தாக்காரர்கள் பிழைப்பு ஓடும்.

வம்சாவளித் தரவு இருக்கும் ஜேசன் (JSON) ஃபைலின் பிரதி உங்களிடமே இருக்கட்டும். டொமைனை ஏற்கெனவே அவர் பெயரில் பதிந்தாயிற்றா? பாக்கி எதுவும் தருவதற்கு முன்னால் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.