முதல் பதிவு

அன்புள்ள ஐயா,

சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். கென்யச் சட்ட அறிஞர் ஒகோத்-ஒகெண்டோவைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? தனிநபர் பட்டாவை அவர் ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறார்? ஆளுக்கொரு பட்டா கொடுத்தால் வங்கிக் கடன் கிடைக்கும், தகராறு தீரும். சொந்தம் என்ற எண்ணமே இல்லாத சமூகங்களுக்கு அதுதானே முதல் படி? சீனா அங்கே நிலம் வாங்குவதைப் பற்றியும் எழுதுங்கள்.

க.

அன்புள்ள க.,

சீனாவை விடுங்கள். வங்கிக் கடனையும் விடுங்கள்; பத்திரத்தை வைத்தால் கடன் வரும், கட்டாவிட்டால் நிலம் போகும், அவ்வளவுதான்.

‘சொந்தம் என்ற எண்ணமே இல்லாத சமூகங்கள்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கென்யாவில் 1915ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கர்கள் குடியிருந்த நிலத்தையும் பிரிட்டிஷ் முடியின், அதாவது அரசரின், நிலம் என்றது. சில ஆண்டுகளில் நீதிமன்றம் அதற்குப் பொருளும் சொன்னது: பாட்டன் காலத்திலிருந்து உழுதவர்கள், முடி விரும்பும்வரை இருக்கலாம் என்ற வெறும் குத்தகைக் குடிகள். உங்கள் வரி அந்தத் தீர்ப்பின் பேரப்பிள்ளை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் இதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒகோத்-ஒகெண்டோ சொன்னது, சொந்தம் உண்டு, ஆனால் அது ஒரே கையில் இல்லை என்பதுதான். தலைகீழாக நிற்கும் ஒரு பிரமிடை அவர் காட்டுவார். நுனியில் குடும்பம், நடுவில் குலமும் கால்வழியும், அகன்ற பகுதியில் சமூகம். செத்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் அதில் பங்காளிகள். உடனே நம் ஊர்க் கூட்டுப் பட்டாவை நினைக்காதீர்கள். கூட்டுப் பட்டாவில் ஆளுக்கொரு பங்கு உண்டு, பிரித்து விற்கலாம். அந்தப் பிரமிடில் தனியாக விற்பதற்குப் பங்கே கிடையாது.

நைரோபியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். 1998இல் உடன் வேலை செய்த நண்பன் முராங்காவில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ‘இந்த நிலம் விற்பனைக்கு அல்ல’ என்று ஸ்வாஹிலியில் எழுதியிருந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கீழே வளைந்திருந்தன. கென்யாவில் இப்படிச் சுவர்கள் நிறைய. போலிப் பத்திரம் காட்டி யாராவது விற்றுவிடுவார்கள் என்ற பயம். ஆனால் இது வேறு கதை. எழுதியவர் நண்பனின் அப்பா. விற்றுவிடுவார்கள் என்று அவர் பயந்தது சொந்த அண்ணன் குடும்பத்தை.

பிரிட்டிஷாரை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் தம்பி, அதாவது நண்பனின் அப்பா, தடுப்பு முகாமில் இருந்தார். 1954இல் காலனி அரசின் ஸ்வின்னர்ட்டன் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டுகளை ஒன்றாக்கி, ஒரு பெயரில் பதிந்து, பத்திரம் கொடுத்தார்கள். யார் ஊரில் இருந்தார்களோ அவர்கள் பெயர் ஏறியது. தம்பி திரும்பியபோது மொத்த நிலமும் அண்ணன் பெயரில். ‘பெயர்தான் என்னுடையது, நிலம் நம்முடையது’ என்று அண்ணன் சொன்னாராம். அவர் நல்லவர்தான். அவர் மகன் எப்படி இருப்பான் என்று யார் கண்டது? எனக்குப் பால் சாயா ஊற்றிக்கொடுத்தபடி பெரியவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டேன், இப்போது நீங்கள் கேட்கப்போவதுபோல. 1963ஆம் ஆண்டுப் பதிவு நிலச் சட்டத்தின் 143ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? மோசடியோ தவறோ நடந்திருந்தால் பதிவைத் திருத்தலாம், ஆனால் முதல் பதிவைத் திருத்த முடியாது. இன்னொரு முறை படியுங்கள். மோசடி நடந்திருந்தாலும் முதல் பதிவு முதல் பதிவுதான்! 1973இல் ஒரு தகப்பன் பத்திரத்தைக் காட்டித் தன் மகன்களையே வெளியேற்றக் கேட்டார். நீதிமன்றம் பத்திரத்தின் பக்கம் நின்றது. பதிந்ததும் வழக்காற்று உரிமை, அதாவது பரம்பரை வழக்கப்படி வந்த உரிமை, அணைந்துபோயிற்று என்றது. தகராறு தீரும் என்கிறீர்களே, ஆமாம், இப்படித்தான் தீர்ந்தது. எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை, அண்ணன் பெயரில் இருப்பது தம்பிக்கும் சேர்த்துத்தான் என்று சொன்ன நீதிபதிகளும் இருந்தார்கள். யாரிடம் மாட்டுகிறோம் என்பது அதிர்ஷ்டம்.

கென்ய உச்ச நீதிமன்றம் 2018இல்தான் அந்தப் பழைய வழியை விட்டது. பதிவில் எழுதாவிட்டாலும், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் நிலத்தை வைத்திருக்கிறார் என்ற வழக்காற்று நம்பிக்கைப் பொறுப்பு பதிவு பெற்றவரைக் கட்டும் என்றது. தீர்ப்பை நண்பனுக்கு அனுப்பினேன். பெரியப்பா மகன் போன வருடமே விற்றுவிட்டான், சுவரும் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

அப்புறம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஒகோத்-ஒகெண்டோ எழுதி 1991இல் வந்த ‘டெனன்ட்ஸ் ஆஃப் தி கிரவுன்’ என்ற புத்தகம் இருக்கிறது, நூலகத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த 143ஆம் பிரிவைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கட்டுரையில் அந்த ‘எண்ணமே இல்லாத’ வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.