விருச்சிகத்தை வாலிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 10×50 பைனாகுலரும் 114 மி.மீ. டெலஸ்கோப்பும் இருக்கின்றன. மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு மொட்டை மாடியிலிருந்து விருச்சிகத்தைப் பார்த்தேன். கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே எம்4 என்ற நட்சத்திரக் கொத்து இருப்பதாகப் புத்தகம் சொல்கிறது. எதில் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. போட்டோக்களில் அதே இடம் மஞ்சளும் நீலமுமாக மேகம் சூழ்ந்திருக்கிறது. கருவியில் கோளாறா? ஏற்காட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரியுமா? இல்லை, பெரிய டெலஸ்கோப்தான் வாங்க வேண்டுமா?"

கருவியில் கோளாறு இல்லை. நேரம், இடம், எதை முதலில் தேடுவது என்ற மூன்றும்தான் உங்களுக்கு எதிராக இருந்திருக்கின்றன.

முதலில் நேரம். மே நடுவில் இரவு 9 மணிக்குச் சேலத்தில் கேட்டை தென்கிழக்கில் சுமார் 20 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கோடைப் புழுதியும் ஊர் வெளிச்சமும் சேர்ந்து கிடக்கும் அடுக்கு அது. அதே நட்சத்திரம் நள்ளிரவு தாண்டி 1 மணி வாக்கில் நேர் தெற்கே 52 டிகிரிக்கு ஏறிவிடும். வால் பகுதி உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இன்னொரு விஷயம், பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் முன்னிரவில் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். டெலஸ்கோப்பில் உருவம் ஆடுவதற்கு அதுவே பாதிக் காரணம்.

மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே இறுதியில் நள்ளிரவுக்கு உச்சியில் இருக்கும் கேட்டை, ஜூன் இறுதியில் 10 மணிக்கும் ஜூலை இறுதியில் 8 மணிக்கும் அதே இடத்துக்கு வந்துவிடும். ஆடி அமாவாசையன்று சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனாலே தேள் முழுசாகத் தெற்கே நிற்கும். ஆனால் மேகமும் ஆடிக் காற்றும் உண்டு, டெலஸ்கோப் ஸ்டாண்டு நடுங்கும். என்னைக் கேட்டால் பங்குனி மாதத்து அதிகாலை 4 மணிதான் இதற்கு முதல் தரமான வேளை. வானம் தெளிவாக இருக்கும், தளமும் ஆறியிருக்கும், ஊரில் பாதி விளக்குகள் அணைந்திருக்கும்.

நிலாவைத் தவிர்க்கத் தனியாக ஆப் எதுவும் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அனுஷம், கேட்டை, மூலம் என்று போட்டிருக்கும் நாட்களில் நிலா தேளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேளின் தலையில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள்தான் அனுஷம், நடுவில் சிவந்திருப்பது கேட்டை, வால் பகுதி மூலம். வைகாசி விசாகத்தை ஒட்டிய பௌர்ணமி இரவுகள் விருச்சிகத்துக்கு ஆகவே ஆகாது. சித்திரை, வைகாசி அமாவாசைகளுக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். (கார்த்திகை மாதத்தில் தேடிப் பயனில்லை. சூரியன் அந்தப் பக்கம் இருக்கும்.)

இனி இடம். ஏற்காடு வேண்டாம். உயரமும் குளிர்ந்த காற்றும் நல்லவைதான், ஆனால் மலை சேலத்துக்கு வடக்கே இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது தெற்கே. லேடீஸ் சீட்டில் நின்று ஊர் விளக்குகளை எல்லோரும் ரசிக்கிறார்களே, அந்த ஒளியின் மேல்தான் தேளின் வால் வரும். விருச்சிகம் பார்க்கப் போகும்போது பெரிய ஊர் உங்களுக்கு முதுகுப் பக்கம், அதாவது வடக்கே, இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கொல்லிமலை பொருந்தும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் ஊருக்குத் தெற்கே, தெருவிளக்கு கண்ணில் படாத ஒரு தோட்டம் கிடைத்தாலும் மாடியைவிட மேல்.

இப்போது எம்4 (மெஸ்ஸியர் என்ற பிரெஞ்சு வானியலாளர் போட்ட பட்டியலில் 4-ஆம் எண்) ஏன் தெரியவில்லை என்பதற்கு வருவோம். புத்தகத்தில் அதன் பிரகாச எண் 5.6 என்று இருக்கும். எண் கூடக்கூட மங்கல், 6 வரை வெறும் கண்ணுக்கே தெரியும், ஆகவே 5.6 சுலபம் என்று தோன்றும். ஆனால் அது ஒரு புள்ளியின் பிரகாசம் இல்லை. கிட்டத்தட்ட நிலாவின் வட்டம் அளவுக்குப் பரந்து கிடக்கும் மொத்த ஒளியையும் கூட்டிச் சொன்ன எண். பரப்பினால் ஒவ்வொரு துளி இடத்திலும் மிகக் கொஞ்சம் ஒளிதான் மிஞ்சும், ஊர் வானத்தின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். அப்புறம் பக்கத்திலேயே கேட்டையின் கூச்சம் வேறு. டெலஸ்கோப்பில் 90 மடங்கு, 100 மடங்கு என்று பெருக்கினால் இன்னும் நீர்த்துப்போகும்.

அதனால்தான் வாலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நம் கையில் கிடைக்கும் வழிகாட்டிப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. லண்டனில் கேட்டையே 12 டிகிரிக்கு மேல் ஏறாது, வால் முழுதாக உதிப்பதே இல்லை. ஆகவே அவர்கள் கேட்டையையும் எம்4-ஐயும் சொல்லிவிட்டு, 'மற்றவை அடிவானத்தில் கஷ்டம்' என்று முடித்துவிடுகிறார்கள். நமக்கு நிலைமை நேர்மாறு. விருச்சிகத்தின் சொத்து முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது, சேலத்தில் அது 35 டிகிரிக்கு மேல் வசதியாக நிற்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பைனாகுலரைப் பிடிக்க அதைவிட நல்ல உயரம் கிடையாது.

தெற்கே பார்த்து நில்லுங்கள். தேள் உச்சியில் இருக்கும் நேரத்தில் கேட்டையிலிருந்து உடல் கீழே இறங்கும், பிறகு இடது பக்கம் திரும்பும், அப்புறம் மேலே சுருண்டு கொடுக்கில் முடியும். கொடுக்கு என்பது ஒட்டினாற்போல் இரண்டு நட்சத்திரங்கள். பிரகாசமானதன் பெயர் ஷௌலா, விருச்சிகத்தில் கேட்டைக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். அங்கிருந்து பைனாகுலரைக் கொஞ்சம் இடப்பக்கமாக மேலே நகர்த்தினால், சுமார் 5 டிகிரி தள்ளி, எம்7 வந்து விழும். தேடவே வேண்டியதில்லை. இருண்ட இடத்தில் வெறும் கண்ணுக்கே புகைபோல் தெரியும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் தாலமி குறித்து வைத்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். சுமார் 980 ஒளியாண்டு தூரத்தில் எண்பது நட்சத்திரங்கள் போலச் சிதறிக் கிடக்கின்றன. 10×50-இல் பார்த்தால் அவ்வளவும் தனித்தனிப் புள்ளி. புள்ளி ஒளி என்பதால் ஊர் வெளிச்சம் இதை எம்4 போல் அழிக்காது. டெலஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். எம்7-இன் அகலம் நிலாவைப் போல் இரண்டரை மடங்கு, டெலஸ்கோப்பின் பார்வைக்குள் அடங்காது.

எம்7-க்கு வலப்பக்கம் மேலே, அதே பைனாகுலர் வட்டத்துக்குள், எம்6 இருக்கும். வண்ணத்துப்பூச்சிக் கொத்து என்பார்கள். இது 1,600 ஒளியாண்டு. பைனாகுலரில் ஓரளவு, 114 மி.மீ.-இல் 36 மடங்கு வைத்தால் நன்றாகவே இறக்கைகள் பிடிபடும். நீலம் கலந்த வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவே ஓரத்தில் ஒன்று மட்டும் ஆரஞ்சாக இருக்கும், அதன் பெயர் பி.எம். ஸ்கார்ப்பி. அதன் பிரகாசம் கூடிக் குறையும், சில சமயம் கூட்டத்தில் முதல் ஆள், சில சமயம் பின்வரிசை. மாதம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இனிதான் உங்கள் புத்தகத்தில் எம் எண் போடாத ஒன்று. உடல் கீழே இறங்கி இடது பக்கம் திரும்பும் மூலையில் ஜீட்டா என்று ஒரு நட்சத்திர ஜோடி இருக்கிறது. ஒன்று ஆரஞ்சு, மற்றது நீலம். பார்வைக்குத்தான் பக்கத்துப் பக்கத்தில். ஆரஞ்சு சுமார் 130 ஒளியாண்டில் இருக்கிறது, நீலம் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால். அந்த ஜோடிக்கு அரை டிகிரி மேலே இறுக்கமாக ஒரு கொத்து, என்ஜிசி 6231 (என்ஜிசி என்பது வேறொரு வான்பொருள் பட்டியல்). அதற்கும் மேலே இடப்பக்கமாக மங்கலான நட்சத்திரங்கள் விசிறி போல விரிந்திருக்கும், அது டிரம்ப்ளர் 24. எல்லாம் சேர்ந்து வெறும் கண்ணுக்குத் தலையும் வாலுமாக வால்நட்சத்திரம் மாதிரியே இருப்பதால் 'போலி வால்நட்சத்திரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

என்ஜிசி 6231-இன் பிரகாச எண் 2.6. மெஸ்ஸியர் பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும்விடப் பிரகாசம். அப்புறம் ஏன் பட்டியலில் இல்லை? சார்லஸ் மெஸ்ஸியர் பாரிஸில் இருந்தார். 1764-இல் எம்6, எம்7 இரண்டையும் பதிவு செய்தார், எம்7-தான் அவர் பட்டியலிலேயே தென்கோடி. அங்கே அது 6 டிகிரிதான் ஏறும். அதற்கும் 7 டிகிரி தெற்கே இருக்கும் என்ஜிசி 6231 பாரிஸ் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, சிசிலித் தீவில் இருந்த வானியலாளர் ஹொடியர்னா அதைப் பார்த்துவிட்டார். எம் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நமக்கு என்ன தவறிப்போகிறது என்பதற்கு இது ஒன்றே போதும். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் அமைந்ததில் இந்த அட்சரேகைக்கும் பங்கு உண்டு. வடவானம், தென்வானம் இரண்டிலும் பெரும் பகுதி இங்கே கைக்கு எட்டும்.

ஜீட்டாவுக்குக் கொஞ்சம் மேலே மியூ என்று இன்னொரு ஜோடி. கண்ணாடி, கருவி ஒன்றும் இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்கலாம். குழந்தைகள்தான் ஜெயிப்பார்கள்.

வால் முடிந்ததும் மேலே வாருங்கள். இதற்குள் அரை மணி நேரம் ஓடியிருக்கும், கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். (நடுவில் போனைத் திறந்திருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள்.) எம்4 கேட்டைக்கு நேர் வலப்பக்கம், நிலாவின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு தள்ளி இருக்கிறது. கேட்டையைப் பைனாகுலர் வட்டத்தின் இடது விளிம்புக்கு, ஏன், விளிம்புக்கு வெளியிலேயே தள்ளிவிடுங்கள். பிறகு எம்4 இருக்க வேண்டிய இடத்தை நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றே பக்கத்தில் வையுங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான் இருக்கின்றன. உருண்டையான ஒரு வெளிறிய திட்டு மெல்ல எழும்பும். சுமார் 6,000 ஒளியாண்டு என்பது இந்த வகை உருண்டைக் கொத்துகளில் மிகப் பக்கம். டெலஸ்கோப்பில் தேடும்போது உங்கள் கருவி தலைகீழாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம், அங்கே இடம் வலம் மாறும். நல்ல இருட்டில் 114 மி.மீ.-இல் அதன் நட்சத்திரங்கள் பிரியத் தொடங்கும், நடுவே ஒரு கோடு ஓடுவதும் தெரியலாம். 1783-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் குறித்த கோடு அது.

ஊர் மாடியிலேயே ஒரு உருண்டைக் கொத்து பார்த்தாக வேண்டும் என்றால் எம்80-ஐத் தேடுங்கள். எண்படி எம்4-ஐவிட மங்கல், ஆனால் சிறியது, ஒளி நடுவில் குவிந்திருக்கும், பெருக்கினாலும் தாங்கும். கேட்டைக்கும் அனுஷத்தின் மேல் நட்சத்திரமான பீட்டாவுக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில், குவியம் விலகிய நட்சத்திரம் போல இருக்கும். அப்படியே பீட்டாவையும் 50 மடங்கில் பாருங்கள், இரண்டாகப் பிரியும். அனுஷத்தின் நடு நட்சத்திரம் டெல்டாவுக்கும் ஒரு கதை உண்டு. 2000-ஆம் ஆண்டு அது திடீரெனப் பிரகாசமானதை முதலில் கவனித்தவர் அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஒட்டேரோ, ஓர் அமெச்சூர் வானோக்கர். கேட்டைக்கும் 5.5 எண்ணில் ஒரு துணை நட்சத்திரம் உண்டு. அதை 114 மி.மீ.-இல் பிரிக்க நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்டோவில் பார்த்த நிற மேகங்கள் கேட்டைக்குச் சற்று மேலே உள்ள ரோ ஒஃபியூக்கி பகுதி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதலாண்டு நிறைவுக்கு, 2023 ஜூலையில், வெளியிட்ட படமும் அந்தப் பகுதிதான். அந்த மஞ்சளும் நீலமும் கேமராவை நெடுநேரம் திறந்து வைத்துச் சேர்த்த ஒளி. எந்த டெலஸ்கோப்பிலும் கண்ணுக்கு அப்படித் தெரியாது, மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. ஆனால் ரோ நட்சத்திரத்தையே பைனாகுலரில் பாருங்கள், அடக்கமான ஒரு முக்கோணமாக மூன்று நட்சத்திரங்கள்.

ஆகவே பெரிய டெலஸ்கோப் இப்போது வேண்டாம். 114 மி.மீ.-க்கு 32 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கொத்துகளுக்குக் குறைந்த பெருக்கமும் அகலமான பார்வையும்தான் வேண்டும். பெட்டியின் மேல் 500 மடங்கு என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் கருவி தாங்கும் உச்ச வரம்பு 230 மடங்கு, அதுவும் காற்று அசையாத இரவில். ஒரு சீசன் முழுக்கப் பார்த்த பிறகும் ஆசை அடங்காவிட்டால் 8 அங்குல டாப்சோனியன் (எளிய ஸ்டாண்டில் நிற்கும் பெரிய கண்ணாடி டெலஸ்கோப்) பற்றி யோசிக்கலாம். எம்4 அதில் நிஜமாகவே நட்சத்திரங்களாக உடையும். ஷௌலாவுக்கு 4 டிகிரி வலப்பக்கம் என்ஜிசி 6302 என்று, செத்துக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம் உதறிய வாயு மேகம் இருக்கிறது, அதன் நீண்ட வடிவமும் அதில் தெளிவாகப் பிடிபடும்.